கோச்சடை வீட்டுக்கு டயாலிசிஸ் வந்த கதை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. வகுப்பில் டீச்சர் நாற்காலி சும்மாதான் கிடக்கும். நின்றுகொண்டே கணக்கு நடத்துவேன், கடைசி பெஞ்சு வரை போய்ப் போய் வருவேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறாயா என்று என் அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அப்படிப்பட்டவளைப் பிடித்து, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், கையை ஆட்டாமல் படு என்றால் எப்படி இருக்கும்? இதே நோயில் மாட்டிக்கொண்டு என்னைப்போல் படபடத்துக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறுமைசாலிகள் வேறு ஏதாவது படிக்கலாம்.

ஆரம்பத்தில் முகம் ஊதியது. ஸ்டாஃப் ரூமில் "டீச்சர் சதை போட்டுட்டாங்க, வீட்டுல நல்ல கவனிப்பு போல" என்றார்கள். நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் செருப்பு வார் காலில் பதிந்தது. மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. காபி வாயில் இரும்புபோல ருசித்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்: வெயில், வயசு, எட்டாம் வகுப்பு பி பிரிவு.

மதுரை கே.கே. நகர் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கிரியேட்டினின் ரொம்பக் கூடியிருக்கிறது என்றார். உடம்பு வேலை செய்யச் செய்யச் சேருகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் இரத்தத்திலேயே தங்கிவிடும்.

"எம்புட்டு நாளா பிரஷர் இருக்கு?" என்று கேட்டார்.

"பிரஷரா, எனக்கா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பல வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்த இரத்தக்கொதிப்பு இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்திருந்தது. தலைவலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு போனவள் நான். ஒரு தடவை பட்டையைக் கட்டி அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதைப் படிக்கிற நீங்கள் போய் அளந்து பாருங்கள், அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

டயாலிசிஸ் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. உடம்பிலிருந்து இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஒரு வடிகட்டிக்குள் ஓடவிட்டுக் கழுவி, கூடுதலாகச் சேர்ந்த தண்ணீரையும் பிழிந்துவிட்டு, திரும்ப உள்ளே விடுவார்கள். அதற்கு வேகமாக இரத்தம் ஓடுகிற குழாய் வேண்டும். அதனால் இடது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். சில வாரத்தில் அந்த நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். அந்த அதிர்வு இருக்கிறவரை கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, வாட்ச், வளையல், இறுக்கமான எதுவும் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் இடது கை வெறுங்கையாக ஆனது.

டயாலிசிஸ் சென்டரில் காத்திருக்கிற ஹாலைப் பற்றிச் சொன்னால் எனக்கு இப்போதும் கால் ஆடும். பிளாஸ்டிக் நாற்காலி, சத்தமில்லாமல் ஓடுகிற டி.வி., டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற சொந்தக்காரர்கள். முந்தின ஆளுக்கு முடிந்தால்தான் நமக்குக் கட்டில். இன்றைக்குக் காலை என்பார்கள், மதியம் ஆகும். மதியம் என்றால் சாயங்காலம். நான் நடந்துகொண்டே இருப்பேன். வாட்ச்மேன் அண்ணன் "உக்காருங்க டீச்சர், எனக்குத் தல சுத்துது" என்பார். ஒரு நாள், வழக்கமாக எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற மேலூர்க்காரர் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் வந்து படுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் போக முடியவில்லை. எந்த நேரத்தில் கட்டில் கிடைக்கும் என்று தெரியாதவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் டைம்டேபிள் போடும்? செலவைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும், ஆகவே விடுகிறேன். தாகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சிறுநீர் போகாத உடம்புக்குத் தண்ணீர் அளந்துதான் தர வேண்டும். மதுரை வெயிலில், சித்திரை மாதத்தில், ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து நலம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் இளநீர் வாங்கி வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அது எங்களைப் போன்றவர்களின் இதயத்தை நிறுத்திவிடும். ஆசையாய் வெட்டிக் கொண்டு வந்ததை வேண்டாம் என்றால் முகம் சுண்டிப்போகும். "அன்பால என்னைக் கொல்லாதீங்க" என்று ஒரு சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அதற்கப்புறம் வரவில்லை.

வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்று சிறுநீரக டாக்டர் சொன்னபோது நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மிஷினை வாடகைக்குத் தருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் நேரத்துக்குச் செய்துகொள்ளலாம். ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் பயிற்சி எடுத்து, ஊசி குத்தக் கற்று, பாஸ் ஆக வேண்டும்.

"ஆளு நான் இருக்கேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் பால்பாண்டி. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். தலைமுடி போன்ற செம்புக் கம்பியைக்கூட அறாமல் சுற்றுகிற கை. ஆனால் இரத்தத்தைப் பார்த்தால் ஆள் காலி. கோயம்புத்தூர் விடுதியில் தங்கி வேளாண்மை படிக்கிற எங்கள் மகள் காவ்யா போனில் சிரித்தாள்.

"அப்பாவா? கறிக்கடையில கோழி வெட்டுறப்பவே அந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு. இவரு எங்கேம்மா ஊசி குத்தப் போறாரு?"

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நான் ஒரு வருஷம் படிப்ப நிறுத்திட்டு வாரேன். பரீட்சை முடிஞ்ச மறுநாளுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அதுக்குள்ள அப்பா பாஸாயிட்டா சொல்லு, கேன்சல் பண்ணிர்றேன்."

"காலை ஒடிச்சிருவேன்" என்றேன். ஒரு வருஷம் என்று நிறுத்திய படிப்புகள் என்ன ஆகின்றன என்று ஒரு டீச்சருக்குத் தெரியாதா? என் வகுப்பிலிருந்து அப்படிப் போன பெண்கள் எத்தனை பேர்! என் சிறுநீரகம் போனது போகட்டும், அவள் படிப்பும் சேர்ந்து போகக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

பயிற்சி கொடுத்தவர் ஜெசிந்தா சிஸ்டர். காவ்யாவை விட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். எங்கள் இரண்டு பேரையும் பெஞ்சு மேல் நிற்கவைக்காத குறைதான். முதலில் மிஷின். தண்ணீரைச் சுத்தம் செய்வது, அதில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது, குழாய்களை மாட்டுவது, காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புவது. இதில் என் வீட்டுக்காரர் புலி. கோச்சடையில் இருக்கிற எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அவரே சோதித்து வந்து, எந்த வடிகட்டி வேண்டும் என்று சிஸ்டரோடு பேசினார். அலாரம் அடித்தால் திரையைப் பார்க்கும் முன்பே குழாய் மடங்கியிருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். கரண்டு போனால் பம்பைக் கையால் சுற்றி இரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிட வேண்டும். அதை ஐஸ் சீவுகிறவர் சக்கரத்தைச் சுற்றுவது மாதிரி நிதானமாகச் சுற்றினார். பழகுவதற்கு வைத்திருந்த ரப்பர் கையில் ஊசியும் ஒழுங்காகக் குத்தினார்.

பிறகு என் கை வந்தது.

ஊசி சாதாரண ஊசி இல்லை. இரத்தம் எடுக்க ஒன்று, திருப்பி விட ஒன்று, இரண்டும் கோணி ஊசித் தடிமன். இவர் ஊசியை எடுத்தார். என் கையைப் பார்த்தார். முகத்தில் வேர்வை கோத்தது. "செல்வி, கொஞ்சம் இரு" என்றார். அப்படியே பக்கத்து ஸ்டூலில் சரிந்துவிட்டார். சிஸ்டர் ஓடிவந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். என் பங்குத் தண்ணீர், நான் சாயங்காலத்துக்கு என்று மிச்சம் வைத்திருந்தது. அதையும் மடமடவென்று குடித்து முடித்தார்.

அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவை ஊசி தோலைத் தொட்டது, அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. "நானே குத்திக்கிறேன் சிஸ்டர்" என்றேன். நோயாளியே குத்திக்கொள்வதும் உண்டு. நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே, ஒரே தள்ளு. ஊசி நரம்பின் அந்தப் பக்கச் சுவரையும் துளைத்து, இரத்தம் சதைக்குள் கசிந்து, கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது.

"கைவாகு நல்லாத்தான் இருக்கு டீச்சர். பொறுமைதான் இல்ல" என்றார் ஜெசிந்தா சிஸ்டர். "சார்தான் பழகணும். வீக்கம் வத்தட்டும், அடுத்த வாரம் பாப்போம். அப்பவும் முடியலன்னா வேற ஆளக் கூட்டிட்டு வாங்க."

வேற ஆள் என்றால் யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆட்டோவில் வீடு வரை நான் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் அபூர்வம்.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். என் மாமியார். எனக்கு உடம்பு சரியில்லை என்றதும் திருவாதவூரில் இரண்டு மாட்டையும் பங்காளி வீட்டில் விட்டுவிட்டு வந்து சமையலை எடுத்துக்கொண்டவர். உப்பில்லாமல் ருசியாகச் சமைக்கிற வித்தையை எங்கே கற்றாரோ தெரியாது. அவருக்கு ஒரே ஒரு வருத்தம், என் வெறுங்கை. கட்டுக்கழுத்தி கை இப்படி இருக்கலாமா என்று மருகிக்கொண்டே இருப்பார். மறு கையில் இருக்கிற வளையல் எல்லாம் அவர் கண்ணில் படாது.

அந்த வாரம் அவர் ஊருக்குப் போய்க் கருப்பசாமி கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கி வந்தார். பெண் பிள்ளைக்கு இடது கையில் கட்ட வேண்டும். நெகிழாமல் இறுக்கிக் கட்ட வேண்டும், கட்டும்போது பேசக் கூடாது. நான் டயாலிசிஸ் முடித்து வந்து அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் முடிந்த பிறகு பிரஷர் இறங்கியிருக்கும், தூக்கம் அப்படி வரும். எழுப்ப மனம் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து, சாமியை நினைத்து, என் இடது மணிக்கட்டில், சரியாகத் தையல் தழும்புக்கு மேலே, மூன்று முடிச்சுப் போட்டுவிட்டார்.

நான் விழித்தது என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில். மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தவர் கட்டில் பக்கத்தில் முட்டிபோட்டு என் கையைப் பிடித்திருந்தார்.

"ஓட்டம் இல்ல செல்வி. கையில ஓட்டம் இல்ல."

நான் விரலை வைத்துப் பார்த்தேன். விர்ரென்று இருக்கிற இடம் சும்மா சதையாக இருந்தது. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? பரீட்சை ஹாலில் பேனா எழுதாமல் போனது போல என்று சொல்லலாம் என்றால், அது போதாது. அந்தக் கை போனால் வீட்டு டயாலிசிஸ் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, கழுத்தில் குழாய் வைப்பார்கள், காவ்யா மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது.

கயிறு தோலுக்குள் புதைந்திருந்தது. முடிச்சு அவிழவில்லை. இவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற கட்டிங் பிளேயரை எடுத்தார். புடைத்த நரம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே அதன் மூக்கை நுழைத்து, ஒரே நறுக்கில் வெட்டினார். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் எந்த வேகத்தில் போகிறது என்று காட்டுகிற ஸ்கேன். ஓட்டம் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் அடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கட்டி தட்டியிருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல அதிர்வு திரும்பியது.

"தூங்கிட்டு இருந்தேனே, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில எந்திரிச்சதும் தொட்டுப் பாப்பேன். மத்தியானம் வந்தாலும் பாப்பேன். ஆபரேஷன் பண்ணுனதுல இருந்தே அப்படித்தான். நீ தூங்குறப்ப பாத்தா வைய மாட்டல்ல."

ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற மனுஷன்.

வெளியே படிக்கட்டில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவே இல்லையாம். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவரை நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் விரலைப் பிடித்து என் மணிக்கட்டில் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தேன்.

"உள்ள என்னமோ மிஷினு ஓடுறாப்புல இருக்கே தாயி."

"என் ரத்தந்தான் அத்தை. இது நிக்கக் கூடாது. நின்னா நான் நின்னுருவேன்."

கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் இருந்தார். "அம்புட்டுத்தானே? இத எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அவன் கிட்டச் சொன்னீக, சிஸ்டருகிட்டச் சொன்னீக, வீட்டுல சோறாக்குறவகிட்ட யாரு சொன்னீக?"

நியாயம்தான். வளையல் கூடாது என்று சொன்னோமே தவிர, ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நோயாளி வீட்டுக்காரர்களே, பயிற்சிக்குப் போகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் இருக்கிற எல்லோருடைய விரலையும் பிடித்து வைத்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி ஊசி. போகும்போதே கேட்டேன். "அன்னைக்கு என் கைகிட்ட பிளேயர் வச்சீங்கள்ல, நடுங்குச்சா?"

"அது வேற."

"என்ன வேற? அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு."

ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசியை எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல், மிக நல்ல நோயாளியாகப் படுத்திருந்தேன். மறுபடி அந்த வேர்வை. ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ இப்படிப் பேசாமப் படுத்திருந்தா எனக்கு என்னமோ ஆகுது செல்வி" என்றார். "யாரோ மாதிரி இருக்க. எதையாச்சும் பேசு. என்னைத் திட்டு, வஞ்சுக்கிட்டே இரு."

ஜெசிந்தா சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆரம்பித்தேன். என் தண்ணீரைக் குடித்தது, மிக்ஸியைக் கழற்றிப் போட்டு மாசக்கணக்காக மாட்டாதது, என் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாக வந்து சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் முதல் ஆளாக உட்கார்ந்தது என்று வரிசையாக எடுத்துவிட்டேன். பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிய இடத்துக்கு வந்தபோது சுருக்கென்றது. குழாயில் சிவப்பு ஏறியது.

"உள்ள போயிருச்சு" என்றார் சிஸ்டர். "இன்னொன்னு இருக்கு சார். டீச்சர், விடாதீங்க, வையிங்க."

வீட்டில் முன் அறையைக் காலி செய்து மிஷினை வைத்தோம். இன்வெர்ட்டர் போட்டோம். ஜெசிந்தா சிஸ்டர் முதல் நாள் கூட இருந்து பார்க்க வந்தார். மிஷின் கம்பியில் ஒரு கருப்புக் கயிறு கட்டியிருந்தது. மாமியார் கதவோரம் நின்று, "இதுக்கு ரத்த ஓட்டம் இல்லீல்ல, கட்டலாம்ல?" என்று கேட்டார். "பட்டன்ல படாமப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார் சிஸ்டர்.

கையைக் கழுவி, முகமூடி போட்டு, எடை பார்த்து, எல்லாம் முறைப்படி. இவர் குத்தினார். நான் வைதேன். இரத்தம் வெளியே போய், கழுவிக்கொண்டு, திரும்பி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டிக்காரர் கீரை விற்றுக்கொண்டு போனார். மிஷினோடு கட்டிப்போட்ட நிலையிலும் என் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கால் ஆடலாம், கைதான் ஆடக் கூடாது என்றார் சிஸ்டர்.

அப்போது காவ்யா கூப்பிட்டாள். மாமியார் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அம்மா, யாரு குத்துனா? சிஸ்டரா?"

"உங்கப்பாதான்."

"ரெண்டு ஊசியுமா?"

"ரெண்டும்."

"நீ என்ன பண்ணுன?"

"வஞ்சேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிர்றேன். லேப் இருக்கு, போறேன்" என்று வைத்துவிட்டாள்.

"பிள்ள அழுகுது" என்றார் இவர்.

"அழட்டும். அழுதுட்டுப் போய்ப் படிக்கட்டும்" என்றேன். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் பிரஷர் பட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. என் கண்ணை அவர்தான் துடைத்துவிட வேண்டியிருந்தது.